மழைச்சாமியாக இருந்த மாலைகள்

அந்த வருடம் எங்கள் ஊரில் கடைகளைச் சீக்கிரமே அடைத்துவிடுவார்கள். குண்டுகள் வெடித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தும், பொழுது சாயும் நேரத்தில் காந்திபுரத்துப் பஸ் ஸ்டாண்டில் எல்லோர் நடையிலும் ஒரு அவசரம் இருக்கும். நான் அப்போது ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். காலையில் உட்கார்ந்தால் நாலு மணிவரை சம்பளப் பட்டியலும் பஞ்சு இருப்பும்தான். அங்கிருந்து பஸ் பிடித்துக் கணபதிக்கு வந்து, கல்லூரியில் என்னோடு படித்தவன் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் இன்னொரு வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது. அங்கே நான் சாமியாக இருந்தேன்.

சென்டர் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருந்தது. பட்டறை நண்பனின் அப்பாவுடையது. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கீழே இரும்பு கடையும் சத்தம் மேலே மேசை வழியாக முழங்கைக்கு வந்து சேரும். முன்னறையில் கம்ப்யூட்டர் படிக்க வருகிறவர்கள். உள்ளே பலகை அடித்துப் பிரித்த ஒரு சின்ன அறை. அங்கேதான் எங்கள் விளையாட்டு ஓடிய கம்ப்யூட்டர் இருந்தது.

விளையாட்டு என்றால் படமோ பாட்டோ இல்லை. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும். 'நீ ஆற்றங்கரையில் நிற்கிறாய். வடக்கே காடு. கிழக்கே ஒரு குடிசையில் புகை தெரிகிறது' என்று அது சொல்லும். வடக்கு என்று தட்டினால் காட்டுக்குள் போகலாம். அதே நேரத்தில் இன்னொருவரும் அங்கே நின்றால் அவரோடு பேசலாம், சண்டை போடலாம், சேர்ந்து நடக்கலாம். சென்டரில் இருக்கும் கம்ப்யூட்டர்களிலிருந்து விளையாடுவார்கள். இன்ஜினியரிங் கல்லூரிப் பிள்ளைகள் மோடம் வைத்து ஃபோன் வழியாக உள்ளே வருவார்கள். தமிழ் எழுத்து அந்தத் திரையில் வராது. அதனால் எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினோம்.

அந்த உலகத்தை எழுதியவர் எங்களுக்குக் கல்லூரியில் மூத்தவர். நாங்கள் அக்கா என்போம். விரிவுரையாளராக இருந்தார். கத்தோலிக்கர். சத்தியமங்கலம் பக்கம் பிறந்தவர் என்பதால் அவர் எழுதிய உலகத்தில் ஆறும் காடும் மலையும் தாமாக வந்து உட்கார்ந்துகொண்டன.

விளையாடுகிறவர்களுக்கு ஒரு குறை இருந்தது. காட்டில் புலியிடமோ கொள்ளைக்காரனிடமோ அகப்பட்டுச் செத்தால், சேர்த்ததெல்லாம் போய்விடும். மறுபடி ஆற்றங்கரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். யாரிடமும் முறையிட முடியாது.

"சாமி வெச்சுப்போடலாம்" என்றான் நண்பன். "செத்துப்போனா அழுகறதுக்கு ஒரு எடம் வேணுமில்ல?"

"எந்தச் சாமி?" என்று அக்கா கேட்டார்.

"நம்மூர்ச் சாமிகதான். இல்லாத சாமியா?"

"வேண்டாம்டா. பேரு வெச்சா அது யாரோ ஒருத்தரு கும்புடற சாமி ஆயிரும். ஊரு இருக்கற இருப்புல, ஸ்கிரீனுக்குள்ள ஒருத்தன் கோயில இடிச்சுப்போட்டான்னு வெளியில சண்டை வந்தா யாரு போயி பதில் சொல்றது?"

குண்டு வெடித்த அந்தப் பிப்ரவரியில் அவனுடைய சென்டரும் பல நாள் பூட்டிக் கிடந்தது. படிக்க வந்துகொண்டிருந்த சிலர் திரும்ப வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

ஆகவே பேரில்லாத மூன்று சாமிகளை வைத்தோம். மழைச்சாமி, வழிச்சாமி, அடுப்புச்சாமி. மூவருக்கும் உருவம் கிடையாது. ஆற்றங்கரையில் ஒரு கல், பாதை பிரிகிற இடத்தில் ஒரு கல், குடிசைக்குள் ஒரு கல். கும்பிடு என்று தட்டி, வேண்டுவதை எழுத வேண்டும். காட்டில் கிடைத்த பழமோ பூவோ படைத்தால் அருள் ஏறும். அருள் போதுமான அளவு இருந்தால் காயம் ஆறும், தொலைந்த வழி தெரியும், பசி தீரும். இதற்கான நிரல் முழுவதையும் நான்தான் எழுதினேன். பத்துத் தடவை கேட்டால் ஒரு தடவை கிடைக்கிற மாதிரி, எந்தத் தடவை என்பது எனக்கும் தெரியாத மாதிரி எழுதினேன்.

ஒரு வாரத்தில் பிள்ளைகள் அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். என்டர் கீயை அழுத்தினால் கடைசியாகத் தட்டியதையே அது மறுபடி செய்யும். ஒருத்தன் கும்பிடு என்று தட்டி, அந்தக் கீயின் மேல் கனமான பூட்டு ஒன்றை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் விளையாட்டில் அவனுடைய ஆள் ஆற்றங்கரைக் கல்லை ஆயிரக்கணக்கான முறை கும்பிட்டு, சாவே வராத நிலைக்குப் போயிருந்தான். அதைத் தடுக்க நான் சாமிக்குச் சலிப்பு என்று ஒன்றைச் சேர்த்தேன். ஒரே ஆள் ஒரே வேண்டுதலைத் திரும்பத் திரும்பச் சொன்னால் சலிப்பு ஏறும். ஏற ஏற அருள் குறையும்.

"சாமிக்கே சலிப்பா?" என்று நண்பன் சிரித்தான்.

எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. நாள் முழுக்க ஆலையில், சம்பளத்தில் பிடித்தம் தப்பு என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறவளுக்கு அது ரொம்ப இயல்பான விஷயமாகத்தான் பட்டது.

அப்படியும் பிள்ளைகளுக்குச் சாமிகளின் பதில்கள் அலுத்துப்போயின. மெஷின் சொல்வது மெஷின் சொல்வது போலவே இருக்கிறது என்றார்கள். அதனால் வேண்டுதல் நேராக எங்கள் திரைக்கு வரும்படி மாற்றினோம். யார் சாமியாக உட்கார்ந்திருக்கிறோமோ அவர் படித்து, பதில் எழுத வேண்டும். ஆளுக்கு ஒரு சாமி என்று பிரித்துக்கொண்டோம். எனக்கு மழை. நண்பனுக்கு வகுப்பு எடுக்கவே நேரம் போதவில்லை. அக்கா சனிக்கிழமை மட்டும்தான் வருவார். ஆகவே பெரும்பாலான மாலைகளில் மூன்று சாமியும் நானே.

அக்கா ஒரு விதி மட்டும் வைத்தார். சாமி யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடுக்க ஒன்றும் இல்லை என்றால் 'கேட்டேன்' என்று மட்டும் எழுத வேண்டும்.

சாமியாக இருப்பது இவ்வளவு அலுப்பான வேலை என்று எனக்குத் தெரியாது. வாள் வேண்டும். பக்கத்து ஆளின் வாள் ஒடிய வேண்டும். பரீட்சையில் பிட் அடித்தால் மாட்டக் கூடாது. நீ ஆணா பெண்ணா? இதைச் சொல்லாவிட்டால் கல்லை ஆற்றில் தள்ளிவிடுவேன். நான் 'கேட்டேன்' என்று எழுதுவேன். 'கேட்டு என்ன புண்ணியம்' என்று மறுவரி வரும். கண்ணெல்லாம் எரியும். எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தால் திரையில் வரிசையாகப் பத்துப் பேர் நிற்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் காங்கேயத்துக்காரர் வந்தார்.

ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கறுப்புச் சட்டை. எப்போதும் கறுப்புச் சட்டைதான். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்தார். அவருடைய மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. எங்கள் சென்டருக்கு அடுத்த தெருவில் ஒரு ஆஸ்பத்திரி. புதனும் சனியும் அங்கே மெஷினில் படுக்கவைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். பஸ்ஸில் கூட்டி வந்து விட்டுவிட்டு, முடிகிறவரை அவர் எங்கேயாவது உட்கார வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தால் மற்றவர்கள் சொல்கிற கதைகள் தாங்கவில்லை என்று எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்.

"ஏனுங்க, சித்தெ நேரம் இங்க உக்காந்துக்கலாமுங்களா?" என்று நண்பனிடம் கேட்டிருக்கிறார். "சும்மா உக்கார மாட்டனுங்க. எதாச்சும் கத்துக் குடுத்தா கத்துக்குவேன்."

நண்பன் அவரை ஒரு கம்ப்யூட்டரின் முன் உட்காரவைத்து, தட்டச்சுப் பழகட்டும் என்று எங்கள் விளையாட்டைத் திறந்துவிட்டான். இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவார். காட்டுக்குப் போகவே மாட்டார். சண்டை போட மாட்டார். ஆற்றங்கரையிலேயே நின்றுகொண்டு, வருகிறவர்களை எந்த ஊர் என்று விசாரிப்பார்.

ஒரு புதன்கிழமை என் திரையில் அவருடைய வேண்டுதல் வந்தது. மழைச்சாமிக்கு.

'வணக்கம். நான் சாமி இல்லை என்று சொல்கிற ஆள். ஆனால் இந்தச் சாமிக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று சென்டர்காரர் சொன்னார். சும்மா பேசலாமா?'

நான் பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். முன்னறையில் அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'பேசலாம்' என்று எழுதினேன்.

'காங்கேயத்தில் மழை வேண்டாம். களத்தில் கொப்பரை காய்கிறது.'

'கேட்டேன்' என்று எழுதினேன். அவர் தனக்குள் சிரித்துக்கொண்டது இங்கிருந்தே தெரிந்தது.

அதன்பிறகு வருகிற நாளெல்லாம் பேசுவார். எண்ணெய் விலை, காளை வாங்க வந்த வெளியூர்க்காரர், பஸ்ஸில் இடம் கொடுத்த பெண். ஒன்றுமே கேட்க மாட்டார். எனக்கு அவருடைய வரிகள் வந்தால் கொஞ்சம் முதுகைச் சாய்த்து உட்காரலாம்.

ஒரு முறை உள்ளறை வாசலில் வந்து நின்றார்.

"நீங்கதானுங்களா அம்மணி அந்த மழைச்சாமி?"

"ஆமாங்கய்யா. உள்ள வாங்க."

"இருக்கட்டுங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க. கல்லு முன்னாடி நின்னு பேசறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்குதுங்க. இங்க ஒரு ஆளு கேக்குது. அது போதுமுங்க."



ஒரு சனிக்கிழமை அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து புதிதாக ஒரு மலைப்பாதையை எழுதிக்கொண்டிருந்தார். என் திரையில் காங்கேயத்துக்காரரின் வரி வந்தது. வழக்கத்தைவிட மெதுவாகத் தட்டியிருக்க வேண்டும். எழுத்துப் பிழைகள் நிறைய.

'அவளுக்கு இருதயமும் பலவீனம் என்கிறார்கள். மூச்சு முட்டுகிறது. படுக்க முடியவில்லை. உட்கார்ந்தே இருக்கிறாள். ஒரு ராத்திரி அவள் படுத்துத் தூங்க வேண்டும். இதைக் கேட்க எனக்கு வேறு இடம் இல்லை.'

நான் எதையோ தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டினேன், அழித்தேன். அக்காவிடம் திரையைக் காட்டினேன்.

"என்னக்கா எழுதறது?"

அவர் படித்துவிட்டுத் தன் விசைப்பலகையை ஒதுக்கிவைத்தார். "நா சர்ச்சுல முழங்கால் போட்டுக் கேக்கறப்போ பதில் வராது. எனக்கு அது பழகிப்போச்சு. ஆனா இது மெஷினு. பதில் வரலைன்னா ஹேங் ஆயிருச்சுன்னு அவரு நெனச்சுக்குவாரு."

"அப்ப?"

"கேட்டேன்னு போடு."

"அதையேதான் வாள் கேக்கறவனுக்கும் போடறேன்."

"வேற என்ன இருக்குது உங்கிட்ட?"

ஒன்றும் இல்லை. 'கேட்டேன்' என்று எழுதினேன். முன்னறையில் அவர் திரையைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனார்.

அதற்கு அடுத்த வாரம் மனைவியையும் மாடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். படியேறவே ரொம்ப நேரம் ஆயிற்று. ஒவ்வொரு படியிலும் நின்று அந்தம்மா மூச்சு வாங்கினார். ஊதிப்போன முகம். நெற்றியில் பெரிய குங்குமம். நண்பன் ஓடிப்போய் நாற்காலி போட்டான்.

"பாக்கோணும்னு ஒரே அடம்ங்க" என்றார் காங்கேயத்துக்காரர்.

திரையில் ஆற்றங்கரையைக் காட்டினார். கல்லைக் காட்டினார். எழுத்து மட்டும்தான் இருக்கிறது, கல் எங்கே என்று அந்தம்மா கேட்டார். அந்த எழுத்துதான் கல் என்று இவர் விளக்கினார். அந்தம்மாவுக்கு மூச்சிரைப்போடு சிரிப்பும் வந்துவிட்டது.

"ஏனுங்க, கல்யாணம் ஆன நாள்ல இருந்து கோயில் வாசல்ல என்ற செருப்புக்குக் காவல் நின்ன மனுசன், இங்க வந்து கும்புட்டுப்போட்டு இருக்கறீங்களா?"

"கும்புடலை. பேசீட்டு இருந்தேன்."

"அதத்தானுங்க நானும் அங்க பண்ணீட்டு இருந்தேன்."

அந்தம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீதான் சாமியா கண்ணு?"

"ஆமாங்கம்மா" என்றேன். வெட்கமாக இருந்தது.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "கண்ணெல்லாம் உள்ள போயிக் கெடக்குது. மத்தியானம் சோறு தின்னியா?"

தின்னவில்லை. ஆலையில் அன்று சம்பளப் பட்டியல் முடிக்கிற நாள். அதைச் சொல்லாமல் தலையை ஆட்டினேன். அவர் நம்பவில்லை. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். எலுமிச்சம்பழச் சாதம். அவருக்கு உப்பு ஆகாது, புளிப்பு ஆகாது. கணவருக்காகக் கட்டி வந்தது அது.

"தின்னு. நா பாக்கறேன்."

நண்பனும் காங்கேயத்துக்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, மற்ற கம்ப்யூட்டர்களில் இருந்தவர்களும் திரும்பிப் பார்க்க, அந்தச் சாதத்தை நின்றபடியே சாப்பிட்டேன். உள்ளே என் திரையில் யார் யாரோ எதையெதையோ வேண்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

"நீங்க எதாச்சும் கேக்கோணுமாங்கம்மா?" என்று டப்பாவைக் கழுவிக் கொடுக்கும்போது கேட்டேன்.

"உங்கிட்டயா? நீயே சோந்து போயி கெடக்கற. உங்கிட்ட என்னத்தக் கேக்கறது?" என்றவர், கணவரின் தோளைப் பிடித்து எழுந்தார். "இந்த மனுசனுக்கு மட்டும் பதில் சொல்லிப்போடு கண்ணு. பேச்சுக்கு ஆளு இல்லைன்னா இவரு ஒடிஞ்சு போயிருவாரு."

ஐப்பசி மழை ஆரம்பித்த சமயம் அவர் தனியாக வந்தார். கம்ப்யூட்டரில் உட்காரவில்லை. நேராக உள்ளறைக்கு வந்து, நான் சொல்லாமலே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நிறுத்திப்போட்டமுங்க" என்றார். "இனிமே மெஷின் வேண்டாம்னு அவளே சொல்லிப்போட்டா. ஒடம்பு தாங்கறதில்லைங்க. ஊட்டுக்கே கூட்டீட்டுப் போறேன். கொஞ்ச நாளுதான்னு டாக்டரும் சொல்லீட்டாருங்க."

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன். சாமியாக இருந்தபோது பதில் எழுத ஒரு சொல்லாவது இருந்தது.

"கேட்டேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க அம்மணி" என்று அவரே சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். நான் எழுந்து கதவைச் சாத்தினேன். கீழே லேத் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அழுது முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

அதன்பிறகு தை கடைசியில்தான் வந்தார். வெளியே நல்ல வெயில். மொட்டை அடிக்கவில்லை. தாடி மட்டும் வளர்ந்திருந்தது. சட்டை அதே கறுப்பு. அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

நண்பன் டீ வாங்கி வர ஆள் அனுப்பினான். டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"ஐப்பசிலயே போயிட்டாளுங்க. போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, எங்கூரு அம்மன் கோயிலுக்குப் போகோணும்னா. நடக்க முடியாது. தூக்கீட்டுத்தான் போகோணும். பையனைத் தூக்கச் சொல்றேன்னேன். அவன் தூக்கினா வலிக்கும், நீங்களே தூக்குங்கன்னு சொல்லிப்போட்டா. வாசல் வரைக்கும் தூக்கீட்டு வந்து நின்னனுங்க. அவ ஒண்ணும் சொல்லலை. உள்ள வாங்கன்னு கூப்புடவே இல்லை. என்ற மூஞ்சியப் பாக்காம அக்கட்டால திரும்பிக்கிட்டா. எறக்கி விட்டா விழுந்துருவாளுங்க. அப்படியே உள்ள போயிட்டேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"பூசாரி எனக்குத் தெரிஞ்சவருதான். தீபாராதனை காட்டுனாரு. என்னையப் பாக்கறாரு. அத்தனை பேரும் என்னையத்தான் பாக்கறாங்க. கும்புடறதுக்கு எனக்குக் கை ஏதுங்க? ரெண்டு கைலயும் அவ இருக்கறா. அவ கும்புட்டுட்டா. நா அவளப் பாத்துட்டு நின்னேன். எத்தனை நேரம்னு தெரியாது. கை வலிச்சதே தெரியலீங்க."

"அப்பறம்?" என்றான் நண்பன்.

"அப்பறம் என்னங்க? ஊட்டுக்குக் கூட்டீட்டு வந்தேன். அன்னைக்குப் படுத்துத் தூங்குனா."

இதைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். பிறகு மில்லைப் பையனிடம் கொடுத்துவிட்டதாகவும், பேத்தியைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதாகவும் சொன்னார். சாமி இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கிளம்பும்போது நண்பனிடம் மட்டும், "அந்த வெளையாட்டுல என்ற ஆளு இன்னும் ஆத்தங்கரைலயே நிக்கறானுங்களா?" என்றார். நிற்கிறான் என்றதும், "எடுத்துப்போடுங்க. இனி நா வரமாட்டேன். வெய்யில்ல நிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நண்பன் எடுத்துவிட்டான். ஒரு கட்டளைதான்.

அன்று உள்ளறைக்குத் திரும்பியபோது திரை நிறைய வேண்டுதல்கள் நின்றிருந்தன. ஒருவனுக்குக் குதிரை வேண்டும். இரண்டு பேர் ஒருவரையொருவர் அழிக்கச் சொல்லி ஒரே சாமியிடம் கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் பதில் எழுதினேன். குதிரையையும் கொடுத்தேன். எழுதி முடித்துவிட்டு நண்பனைக் கூப்பிட்டு, இனி என்னால் முடியாது என்று சொன்னேன்.

"ஏன், அவரு சொன்னது கேட்டா?"

"இல்ல. ரொம்ப நாளாவே முடியலை. இன்னைக்குத்தான் சொல்ல வருது."

அவன் வற்புறுத்தவில்லை. அவனுக்கும் முகம் களைத்திருந்தது. வகுப்புகளுக்கு ஆள் குறைந்துகொண்டே வந்த காலம். அக்கா ஒரு மாதம் சாமியாக உட்கார்ந்து பார்த்தார். கல்லூரி விடைத்தாள்களே போதும் என்று அவரும் விட்டுவிட்டார். அப்புறம் பழையபடி மெஷினே பதில் சொன்னது. பிள்ளைகள் ஒன்றும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. அடுத்த வருடம் அந்த மாடி பிரௌசிங் சென்டர் ஆயிற்று. விளையாட்டு இருந்த கம்ப்யூட்டரை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

நான் முடியாது என்று சொன்ன அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட்டேன். கணபதியிலிருந்து காந்திபுரம் வந்து, வீட்டுக்குப் போகும் வடவள்ளி பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன். என் ஸ்டாப்பைத் தாண்டிப் பஸ் கடைசி வரை போய்விட்டது. "ஏனுங் அம்மணி, எறங்கலீங்களா?" என்று கண்டக்டர் கம்பியைத் தட்டி எழுப்பினார். அவர் காட்டிய திசையில் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். பசித்தது.